டி.எஸ்.எச். நார்மல், அசதி மட்டும் போகவில்லை: எந்த மருத்துவரைத் தேடுவது?

தைராய்டு மாத்திரை தொடங்கி வருடக்கணக்காகியும் அசதி விடாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் சரி. ஆனால் மதியத்துக்கு மேல் தலை ஓடுவதில்லை, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் தூங்கிய மாதிரி இல்லை, ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். மருத்துவரிடம் சொன்னால், "தைராய்டு கன்ட்ரோலில் இருக்கிறது, ஒன்றுமில்லை" என்கிறார். இணையத்தில் தேடினால், அந்தப் பரிசோதனையே தவறு, வேறு பத்து பரிசோதனை எடுங்கள், வேறு ஹார்மோன் சாப்பிடுங்கள் என்கிறார்கள்.

இந்த இரண்டு பதிலுமே நோயாளியைக் கைவிடுகின்றன. தைராய்டு சரி என்பதை உடம்பே சரி என்று முதல் பதில் எடுத்துக்கொள்கிறது. உடம்பு சரியில்லை என்பதைத் தைராய்டுதான் சரியில்லை என்று இரண்டாம் பதில் எடுத்துக்கொள்கிறது. அதனால் "நல்ல தைராய்டு டாக்டர் யார்?" என்று விசாரிக்கும் முன், மிச்சமிருக்கும் அசதி தைராய்டு சார்ந்ததா இல்லையா என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரும், அதற்கு நேரம் கொடுப்பவருமே முதலில் தேவைப்படும் மருத்துவர்.

## சுரப்பி எப்படி வேலை செய்கிறது

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி இரண்டு ஹார்மோன்களைத் தருகிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. சுரப்பியிலிருந்து வெளியேறுவதில் பெரும்பங்கு டி4. ஆனால் செல்களுக்குள் நேரடியாக வேலை செய்வது டி3. உடலில் அன்றாடம் உருவாகும் டி3-யில் சுமார் 80 சதவீதம் கல்லீரல், தசை போன்ற திசுக்களில் டி4 உருமாறுவதால் கிடைக்கிறது.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இவற்றின் அளவைக் கண்காணிக்கிறது. ரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற தூண்டும் ஹார்மோனைக் கூட்டும்; ஹார்மோன் அதிகமானால் அதைக் குறைக்கும். டி4 சிறிதளவு குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் முதல் பரிசோதனையாக டி.எஸ்.எச். கேட்கிறார்கள். அந்தத் தேர்வில் தவறே இல்லை. பெரும்பாலான ஆய்வகங்களில் நார்மல் வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. வயது கூடக் கூட மேல் வரம்பு இயல்பாகவே கொஞ்சம் உயரும்.

ரிப்போர்ட்டைப் படிக்க நான்கு நிலைகள் தெரிந்தால் போதும்:

1. டி.எஸ்.எச். அதிகம், டி4 குறைவு: வெளிப்படையான தைராய்டு குறைபாடு. சிகிச்சை நிச்சயம் வேண்டும்.
2. டி.எஸ்.எச். அதிகம், டி4 நார்மல்: ஆரம்பநிலைக் குறைபாடு. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது.
3. டி.எஸ்.எச். குறைவு, டி4 அல்லது டி3 அதிகம்: மிகைச் சுரப்பு. நோயெதிர்ப்பு அமைப்பு தைராய்டை மிகையாகத் தூண்டும் கிரேவ்ஸ் நோய், ஹார்மோன் சுரக்கும் கட்டி, சுரப்பி அழற்சி, தேவைக்கு மேல் மாத்திரை எனக் காரணங்கள் பல.
4. டி.எஸ்.எச். குறைவு அல்லது நார்மல், டி4 குறைவு: கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் எடுத்தால் இது தவறிப்போகும்.

இரண்டாவது நிலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசதியோடு வருகிறவர்களில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். லேசாக ஏறிய டி.எஸ்.எச். இரண்டு மூன்று மாதத்தில் தானாக இறங்குவது சாதாரணம். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவெடுப்பது சரியல்ல. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், ஆரம்பநிலைக் குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்ததால் அசதி குறையவில்லை. கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்பவர்கள், டி.எஸ்.எச். மிக அதிகமாக ஏறியவர்கள் ஆகியோரின் கதை வேறு. மற்றவர்களிடம் "டி.எஸ்.எச். 6 இருக்கிறது, அசதிக்கு அதுதான் காரணம்" என்று ஒரு மருத்துவர் உடனே சொல்லிவிட்டால், வேறு காரணங்களையும் பார்த்தாரா என்று கேட்பது நியாயம்.

## எண் பொய் சொல்லும் இடங்கள்

ரிப்போர்ட்டும் உடம்பும் ஒத்துப்போகாதபோது, அளவீட்டிலேயே பிழை இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் நல்ல மருத்துவர். அவர் கேட்கக்கூடியவை இவை:

1. பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? முடி, நகத்துக்காக விற்கப்படும் மாத்திரைகளில் இது அதிகம். பல ஆய்வகக் கருவிகளில் இது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும், டி4, டி3-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். ஆரோக்கியமான ஒருவருக்குக் கிரேவ்ஸ் நோய் இருப்பதுபோலவே ரிப்போர்ட் வந்துவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.
2. ரத்தம் எடுத்தபோது வேறு நோய் இருந்ததா? கடுமையான காய்ச்சல், மருத்துவமனை வாசம், அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது தைராய்டு எண்கள் தாறுமாறாகும். குணமான பிறகு மறுபடி எடுக்க வேண்டும்.
3. மாத்திரை அளவை மாற்றி எத்தனை வாரம் ஆகிறது? டி4-இன் அரை ஆயுள் சுமார் ஏழு நாள். புதிய அளவு உடலில் நிலைபெற ஆறு வாரமாவது ஆகும். இரண்டாவது வாரத்தில் எடுத்த டி.எஸ்.எச்.-ஐ வைத்து மாத்திரையை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.
4. மனநோய்க்கான லித்தியம், இதயத் தாளக் கோளாறுக்கான அமியோடரோன், ஸ்டீராய்டு, புற்றுநோய்க்கான சில நோயெதிர்ப்பு மருந்துகள் ஏதாவது எடுக்கிறீர்களா?

## மாத்திரை உள்ளே போகிறது, சேர வேண்டிய அளவு சேர்கிறதா?

தைராய்டு குறைபாட்டுக்கான நிலையான மருந்து லெவோதைராக்சின், அதாவது டி4. சுரப்பி அறவே வேலை செய்யாத பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 100 மைக்ரோகிராமுக்குச் சற்றே குறைவு. இதைவிட மிக அதிகமான அளவு எடுத்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், அளவை இன்னும் ஏற்றுவதற்கு முன் காரணம் தேட வேண்டும்.

பெரும்பாலும் காரணம் எளிமையானது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காபியோ உணவோ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம், தைராய்டுக்கு டி4 என மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்குபவர்கள் ஏராளம். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகளும் உறிஞ்சலைக் குறைக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால், குடலையும் இரைப்பையையும் பார்க்க வேண்டும். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், இரைப்பைச் சுவரைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி, எச்.பைலோரி கிருமித் தொற்று ஆகிய மூன்றும் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடியவை. இவற்றில் முதல் இரண்டும் ஹாஷிமோட்டோ நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகம்.

ஹாஷிமோட்டோ என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தைராய்டையே தாக்கும் நோய். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ முதலில் விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பி12 குறைபாட்டை உண்டாக்கும் பெர்னீசியஸ் ரத்தசோகை, முதல் வகை நீரிழிவு, அட்ரினல் சுரப்பியைத் தாக்கும் அடிசன் நோய் ஆகியவை இதோடு சேர்ந்து வரலாம். ஹாஷிமோட்டோவையும் சேர்த்து நான்குமே அசதி தருபவை. அடிசன் நோய் இருப்பது தெரியாமல் டி4 மாத்திரையைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எடை குறைவு, தோல் கறுத்தல், உப்பின் மீது தீராத நாட்டம், எழுந்து நின்றால் மயக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால் அட்ரினல் ஹார்மோனான கார்டிசாலின் காலை நேரப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

## எல்லாம் சரி, அசதி மட்டும் மிச்சம்

சரியான அளவு டி4 எடுத்து டி.எஸ்.எச். வரம்புக்குள் வந்த பிறகும், 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தொடர்கின்றன என்பது மருத்துவ உலகமே ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. இது கற்பனை என்று யாராவது சொன்னால் அவர்தான் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். ஏன் தொடர்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு.

டி4-ஐ டி3-ஆக மாற்றும் நொதியின் மரபணுவில் சிலருக்கு இருக்கும் வேறுபாடு காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம். இதனால் டி4-உடன் டி3-யும் கொடுத்துப் பல ஆய்வுகள் நடந்தன. சராசரியில் டி4 மட்டும் எடுத்தவர்களைவிட மேலான பலன் தெரியவில்லை. ஆனாலும் ஒரு பகுதியினர் கூட்டு மருந்தையே விரும்பினார்கள். ஐரோப்பிய தைராய்டு சங்கத்தின் 2012 வழிகாட்டுதல் நடுவழியைச் சொல்கிறது: மற்ற காரணங்களை விலக்கிய பிறகும் அறிகுறி தொடர்பவர்களுக்கு, அனுபவமுள்ள மருத்துவரின் மேற்பார்வையில் சோதித்துப் பார்க்கலாம், மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். கர்ப்பத்தின்போது இது கூடாது. டி3 உடலில் வேகமாக ஏறி இறங்குவதால், அளவு மீறினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும்.

நோயெதிர்ப்புத் தாக்குதலே அசதியைத் தருகிறது என்பது இன்னொரு விளக்கம். ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் அறிகுறி நீங்காத, எதிர்ப்பொருள் அளவு மிக அதிகமாக இருந்த 150 ஹாஷிமோட்டோ நோயாளிகளிடம் நார்வேயில் ஓர் ஆய்வு நடந்தது. 2019-இல் வெளியான அதன் முடிவில், சுரப்பியை முழுவதும் அகற்றியவர்களின் அசதி குறைந்திருந்தது. அறுவை சிகிச்சையில் குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் சுரப்பிகளும் பாதிக்கப்படும் ஆபத்து இருப்பதால் இது பொதுவான சிகிச்சையாகவில்லை. ஆனால் "எண் நார்மல் என்றால் அறிகுறி பொய்" என்ற வாதம் இந்த ஆய்வுக்குப் பிறகு நிற்காது.

## தைராய்டுக்கு வெளியே தேட வேண்டியவை

நாள்பட்ட அசதிக்கு ஒரு மருத்துவர் குறைந்தபட்சம் கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரையின் மூன்று மாத சராசரி, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம், அழற்சிக் குறியீடு, சீலியாக் எதிர்ப்பொருள். இவற்றில் ஃபெரிட்டின்தான் அடிக்கடி விடுபடுகிறது. ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களிடம் இது மிகச் சாதாரணம்.

தூக்கத்தில் மூச்சு நின்று போகும் ஸ்லீப் ஆப்னியாவை ரத்தப் பரிசோதனை காட்டாது. குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனச்சோர்வையும் அப்படித்தான். அசதியை மனச்சோர்வு என்று முத்திரை குத்தி அனுப்புவது எவ்வளவு தவறோ, உண்மையில் மனச்சோர்வில் இருப்பவருக்கு அதைக் கேட்காமலே விடுவதும் அவ்வளவு தவறு.

இவையும் இல்லையென்றால், எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட சோர்வு நோயை நினைக்க வேண்டும். இதற்குத் தனி ரத்தப் பரிசோதனை இல்லை. அறிகுறிகளின் வடிவத்தை வைத்தே கண்டறிகிறார்கள். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015-இல் வகுத்த வரையறை இது:

1. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவு அசதி, ஆறு மாதத்துக்கு மேல். ஓய்வெடுத்தாலும் பெரிதாகக் குறையாது.
2. சிறு உழைப்புக்குப் பிறகும் நிலைமை மோசமாவது. பல சமயம் உடனே அல்ல. பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ வந்து, நாள்கணக்கில் நீடிக்கும். மன உழைப்பும் இதைத் தூண்டும்.
3. தூங்கியும் புத்துணர்வு இல்லாமை.
4. இவற்றோடு, நினைவும் கவனமும் மங்குவது அல்லது நிமிர்ந்து நிற்கும்போது அறிகுறிகள் கூடுவது, இரண்டில் ஒன்று.

இரண்டாவது அம்சம்தான் திறவுகோல். தைராய்டு குறைபாட்டு அசதியும் ரத்தசோகை அசதியும் பொதுவாக இப்படித் தாமதித்துத் திருப்பி அடிப்பதில்லை. "நேற்று என்ன செய்தீர்கள், இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்காத மருத்துவரால் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. கோவிட் தொற்றுக்குப் பிறகு அசதி நீடிப்பவர்களில் ஒரு பகுதியினரிடமும் இதே வடிவம் தெரிகிறது.

இதைச் சரியாகப் பிரித்தறிவது சிகிச்சையையே மாற்றிவிடும். சாதாரண சோர்வுக்கு "தினமும் நடங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்" என்பது நல்ல ஆலோசனை. இந்த நோயாளிகளுக்கு அதுவே நிலைமையை மோசமாக்கக்கூடும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வழிகாட்டுதலை மாற்றியது. உடலின் வரம்பை அறிந்து அதற்குள் வேலையையும் ஓய்வையும் பங்கிடுவதையே அது முன்வைக்கிறது.

## அப்படியானால் யாரிடம் போவது?

முதலில் போக வேண்டியது பொது மருத்துவரிடம். உறுப்பு உறுப்பாகப் பார்க்காமல் முழு உடலையும் பார்க்கும் ஃபிசிஷியன் அல்லது குடும்ப மருத்துவர். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அவரைத் தாண்டி வந்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் மேலே சொன்ன பட்டியலைத் திரும்பிப் பாருங்கள்: ரத்தம், குடல், தூக்கம், மனம், நோயெதிர்ப்பு. ஒரு சிறப்பு மருத்துவர் தன் துறையை விலக்கிவிட்டு "என் பக்கம் பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவிடுவார். அடுத்த கதவு எது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

நாளமில்லாச் சுரப்பி நிபுணர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட், கட்டாயம் தேவைப்படும் சூழல்கள்: கிரேவ்ஸ் நோய், குறிப்பாகக் கண் பாதிப்புடன், தைராய்டு புற்றுநோய்க்குப் பிந்தைய நிலை, பிட்யூட்டரி சந்தேகம், கர்ப்பம், இதய நோயோடு தைராய்டு நோய், டி.எஸ்.எச்.-உம் டி4-உம் ஒன்றுக்கொன்று முரண்படுவது, சரியாக மாத்திரை எடுத்தும் எண் இறங்காதது, டி4-உடன் டி3 மருந்தும் எடுத்துப் பார்ப்பது. இந்தத் துறையில் பலர் பெரும்பாலும் நீரிழிவு நோயாளிகளையே பார்ப்பார்கள். நேரம் வாங்கும்போதே, தைராய்டு நோயாளிகளை அதிகம் பார்ப்பவரா என்று விசாரிப்பதில் தவறில்லை. கட்டி இருந்தால், அறுவை சிகிச்சை நிபுணர் வருடத்துக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறார் என்று கேளுங்கள். அதிகம் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு.

எம்.இ./சி.எஃப்.எஸ்.-க்கென்று தனித் துறை பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்த நோயின் பெயரைச் சொன்னதும் முகம் சுளிக்காமல், உழைப்புக்குப் பிந்தைய சரிவைப் பற்றிக் கேட்பவர் எந்தத் துறையில் இருந்தாலும் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## விலகி வர வேண்டிய அடையாளங்கள்

விரக்தியில் இருக்கும் நோயாளியைச் சுற்றி ஒரு வியாபாரமே நடக்கிறது. ஆறுதலாகப் பேசுவார்கள், ஒரு மணி நேரம் கேட்பார்கள். அந்த ஆறுதல் உண்மையிலேயே தேவைப்படுவதுதான் இதில் வேதனை. கீழ்க்கண்டவை வந்தால் எச்சரிக்கை தேவை:

- "அட்ரினல் களைப்பு" என்ற நோய்ப் பெயர். எண்டோகிரைன் சொசைட்டி உள்ளிட்ட நிபுணர் அமைப்புகள் இதை ஒரு நோயாக ஏற்கவில்லை. அடிசன் நோய் உண்மை, இது வேறு.
- உடல் வெப்பநிலையை மட்டும் வைத்தோ, டி4-இலிருந்து உருவாகும் செயலற்ற வடிவமான ரிவர்ஸ் டி3-இன் அளவை வைத்தோ தைராய்டு மருந்து தொடங்குவது.
- டி.எஸ்.எச். முற்றிலும் அமுங்கிப்போகும் அளவுக்கு மருந்தை ஏற்றுவது. 60 வயதுக்கு மேல் இது இதயத் தாளக் கோளாறின் ஆபத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. சில புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே அமுக்குவார்கள்; அது தனிக் கணக்கு.
- அதிக அளவு அயோடின். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அதுவே சுரப்பைக் குறைக்கலாம்.
- எழுதித் தரும் துணை மாத்திரைகளை எல்லாம் அவரே விற்பது.

## முதல் சந்திப்புக்குக் கொண்டுபோக வேண்டியது

எல்லா ரிப்போர்ட்களையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதுங்கள்: தேதி, டி.எஸ்.எச்., டி4, அப்போது எடுத்த மாத்திரை அளவு. நான்கு வரி போதும், மருத்துவருக்குப் போக்கு புரிந்துவிடும். துணை மாத்திரைகள் உட்பட எல்லா மருந்துகளின் பட்டியலும், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்பதும் வேண்டும். இரண்டு வாரம், என்ன செய்தீர்கள், மறுநாள் எப்படி இருந்தது என்று ஒற்றை வரிக் குறிப்பு எழுதுங்கள். "எப்போதும் டயர்டாக இருக்கிறது" என்பதைவிட, "துணி துவைத்த மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை, மூன்றாம் நாள்தான் சரியானது" என்பது மருத்துவரை யோசிக்க வைக்கும்.

சிலவற்றுக்குச் சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், குழப்பத்தோடு கூடிய மயக்க நிலை, உடல் சில்லிட்டு மந்தமாவது ஆகியவை அவசரம். வேகமாக வளரும் கழுத்துக் கட்டி, மாறிய குரல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றுக்குச் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மிகைச் சுரப்புக்குக் கார்பிமசோல் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். அந்த மருந்து அரிதாக வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

## எவ்வளவு காலம் பொறுப்பது, எப்போது மாற்றுவது?

ஒவ்வோர் அளவு மாற்றத்துக்கும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால், ஒரு மருத்துவருக்கு ஆறு மாதம் கொடுப்பது நியாயம். அதற்குள் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது குணம் அல்ல, திசை: எதை விலக்கினோம், அடுத்து எதைப் பார்க்கிறோம், இந்த மருந்து பலிக்கவில்லையென்றால் என்ன செய்வோம். "எனக்குத் தெரியவில்லை, இன்னொருவரிடம் அனுப்புகிறேன்" என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள்; அவர் அனுப்பிய இடத்துக்குப் போய்விட்டு அவரிடமே திரும்பி வாருங்கள். மூன்றாவது சந்திப்பிலும் கேள்வி கேட்காமல், உடலைத் தொட்டுப் பார்க்காமல், "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லோடு சீட்டைத் திருப்பித் தருபவரிடமிருந்து ரிப்போர்ட்களை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம்.